பதினொன்று ஐந்துக்கு வருகிறவர்

செத்தவர்கள் வேலைக்கு வர மாட்டார்கள் என்பதில் வாயாடிக்குச் சந்தேகம் இருந்ததில்லை. உயிரோடு இருப்பவர்களே பாதி நாள் வருவதில்லை. ஆனால் அவள் எதிரே இருந்த திரை வேறு கதை சொன்னது.

ஏணி. பழைய இதழ் அறை. வந்தது 11.05. போனது 11.14.

அதற்குக் கீழே முந்தின நாள். அதே பெயர், அதே அறை, நேரத்தில் மட்டும் ஒரு நிமிடம் முன்பின். அதற்கும் கீழே அதற்கு முந்தின நாள். பட்டியலைத் தள்ளத் தள்ள, ஒரு மனிதர் அந்த அறைக்கு வந்து ஒன்பது நிமிடம் இருந்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

ஏணி என்பது இந்த நூலகத்தின் நெட்வொர்க் ஊழியருக்கு உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். தோளில் ஏணி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லையாம். அவருக்கும் அது பிடித்துப்போய்த் தன் போனுக்கே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார். இருபத்தேழு நாட்களுக்கு முன்பு, மூன்றாம் மாடியில், பழைய இதழ் அறையில், அந்த ஏணியிலிருந்து விழுந்து இறந்துபோனார். அவருடைய போன் கிடைக்கவே இல்லை. அறையை அன்று பூட்டியவர்கள் மறுபடி திறக்கவும் இல்லை.

"அண்ணி, எனக்கு வயித்தைக் கலக்குது. இதைப் பார்த்ததாலயா, காலைல சாப்பிட்டதாலயான்னு தெரியல."

"இதனாலதான். காலைல சமைச்சது நான்," என்றாள் அண்ணி.

வாயாடி என்ற பெயரும் அண்ணி கொடுத்ததுதான். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே நாத்தனாருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டிவிட்டாள். அண்ணன் இறந்து ஆறு வருடமாகிறது. நடுவில் இருந்தவர் போன பிறகு இரண்டு பெண்களுக்குள் இருக்கும் உறவுக்கு என்ன பெயர் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பழைய பெயர்களை வைத்துக்கொண்டே இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணி துப்பறிந்தாள். வாயாடி கூடப் போனாள், பேசினாள். ஒரு பெரிய தங்கும் விடுதியில் பன்னிரண்டு வருடம் வைஃபை வேலை பார்த்தவள் அவள். அந்தப் பன்னிரண்டு வருடம் இன்றுதான் முதல்முறையாக ஒரு வழக்குக்குப் பயன்படுகிறது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றாள் அண்ணி.

"கூரையில வட்டமா வெள்ளைப் பெட்டிங்க இருக்கே, அதெல்லாம் மருமகள்கள். மொத்தம் நாப்பத்தொண்ணு. வைஃபை குடுக்கறது அவங்க. இந்தக் கன்ட்ரோலர் மாமியார். எந்த மருமக யார்கூடப் பேசறா, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சா, எப்ப நிறுத்தினா, எல்லாம் மாமியார் நோட்டுல ஏறிடும். அதான் நீங்க பார்க்கறது."

"புதுசா ஒருத்தி வந்தா?"

"வாசல்ல நிக்கணும். ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிக்கிட்டே. மாமியார் பட்டியலைத் திறந்து, பெட்டி நம்பரோட கடைசி ரெண்டு எண்ணைப் பார்த்து, 'ஏத்துக்கறேன்'னு பொத்தானை அமுக்கணும். அப்புறம்தான் பச்சை விளக்கு. எந்த அறையில மாட்டறாங்களோ அந்த அறைப் பேரையே வெச்சுடுவாங்க."

"இப்ப வாசல்ல யாராவது நிக்கறாங்களா?"

வாயாடி பார்த்தாள். "ஒருத்தி நிக்கறா. அறுபத்தெட்டு. இருபத்தேழு நாளா நிக்கறா, பாவம்."

அண்ணி அதைக் குறித்துக்கொண்டாள். வாசற்படியைத் தாண்டாமல் நின்றிருந்த நூலகர் தொண்டையைக் கனைத்தார். பதினெட்டு வருடம் இந்தக் கட்டடத்தை ஆண்டவர். இப்போது அதில் ஓர் அறைக்குள் காலை வைக்கத் தயங்கினார்.

"அன்னைக்கு ரெண்டு புதுப் பெட்டி மாட்ட வேண்டியிருந்தது. ரெண்டையும் இந்த மேசையில சொருகி எழுப்பி வெச்சார். ஒண்ணை எடுத்துக்கிட்டு மூணாம் மாடிக்குப் போனார். பதினொண்ணு அஞ்சுக்குச் சத்தம் கேட்டுது. நாங்க ஓடினோம்."

"இன்னொரு பெட்டி?"

"இங்கயேதான் எரிஞ்சுக்கிட்டு இருந்தது. நாலாம் நாள் எலெக்ட்ரீஷியன் எடுத்து எங்கயோ மாட்டினார். நான் கேட்டுக்கல. நான் இந்தப் பக்கமே வர்றதில்லை."

"தனியாத்தான் ஏறினாரா?"

"ரெண்டு பேர் போகணும்னு விதி இருக்கு. அவருக்கு உதவியாள் யாரையும் நாங்க குடுக்கல." நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விசாரணையில அவரோட கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க. வெளியில வேற மாதிரியும் பேசறாங்க."

வேற மாதிரி என்றதும் அவர் கண்கள் மூலைக்குப் போய்த் திரும்பின. மூலையில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் போனைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். மூடியைத் தூக்கினால் ஆவி போய்விடும் என்பதுபோல.

"பேசறவங்க என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியும், மேடம்," என்றாள் அவள், அண்ணியிடம். "அவரா கையை விட்டுட்டார்னு பேசறாங்க. அதைத்தான் நானும் கேக்கறேன். அன்னைக்குக் காலைல எங்களுக்குச் சண்டை. ஞாயித்துக்கிழமைகூட இங்கதான் இருப்பார். எனக்குத் தாங்கல. 'அந்தப் பெட்டிங்களோடயே குடும்பம் நடத்துங்க, வீட்டுக்கு வராதீங்க'ன்னு சொல்லிட்டேன்."

திரையில் அந்தப் பெயர் வரிசையாக நின்றது. ஏணி, ஏணி, ஏணி.

"அவர் வரல," என்றாள் அவள். "சொன்னபடியே இங்கயே இருக்கார்."

வாயாடி பட்டியலுக்குத் திரும்பினாள். பேய் என்றாலும் கணக்குக்குக் கட்டுப்பட்டுத்தான் வரவேண்டும்.

"இவர் நாலாம் நாள்லேர்ந்துதான் வர ஆரம்பிச்சிருக்கார். திங்கட்கிழமைங்கள்ல வரல. நூலகத்துக்கு விடுமுறை, சரி. ஆனா போன வியாழனும் வரல. அன்னைக்கு என்னவாம்?"

"வியாழனா?" மனைவி நிமிர்ந்தாள். "அன்னைக்குத்தான் நான் மயக்கம் போட்டு விழுந்தேன். என் தம்பி இங்கதான் வேலை பார்க்கறான். லீவு போட்டுட்டு நாள் பூரா ஆஸ்பத்திரியில கூடவே இருந்தான்." அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. பார்க்கவே கஷ்டமான வெளிச்சம். "அதான் இங்க வரல. எனக்குத் துணையா அங்க வந்திருக்கார்."

அறையில் கன்ட்ரோலரின் சின்னக் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

வாயாடிக்கு இதெல்லாம் தெரியும். அண்ணன் இறந்து மூன்று மாதம் கழித்து ஒருநாள் அவள் அவன் எண்ணை அழைத்தாள். எடுக்க மாட்டான் என்று தெரிந்துதான் அழைத்தாள். மூன்றாவது மணியில் யாரோ எடுத்து, தூக்கக் கலக்கத்தில் "சொல்லுங்க" என்றார்கள். எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு "சொல்லுங்க"வுக்கும் அடுத்த நொடிக்கும் நடுவில் அவள் நம்பியது என்ன என்பதை இன்றுவரை அண்ணியிடம்கூட அவள் சொன்னதில்லை.

"நீங்க கீழ வாசிப்பு அறையில உக்காருங்கம்மா," என்றாள் அண்ணி. "நாங்க மேல போய்ப் பார்த்துட்டு வர்றோம்."

மூன்றாம் மாடி நடையில் ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு நாற்காலிகளைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். கோடியில் பூட்டிய கதவு. கதவின் மேல்பாதி மங்கலான கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ ஒன்று ஆரஞ்சாக விழித்தது, மூடியது. விழித்தது, மூடியது.

"அண்ணி, நான் வேணா இங்கயே நின்னு யாரும் வராமப் பார்த்துக்கட்டுமா?"

"யாரும் வரமாட்டாங்க. சாவியைக் குடு."

உள்ளே பழைய தாளின் வாசனை கனமாக நின்றது. கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள். அவற்றில் நாற்பது, ஐம்பது வருடத்துப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். படிக்க யாரும் இல்லாத செய்திகள். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஏணி அன்று நின்றபடியே நின்றது. அது நிற்கக்கூடிய இடம் அங்கே அது ஒன்றுதான். ஏணிக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி ஒற்றைக் கொக்கியில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடுவதுபோல் அதன் ஆரஞ்சு விளக்கு ஏறி இறங்கியது.

"ஏறு," என்றாள் அண்ணி.

"நானா? செத்த மனுஷன் ஏறின ஏணியிலயா?"

"ஏணி சாகலையே."

"உங்க பொறந்த வீட்ல இரக்கம்னு ஒண்ணு சொல்லியே தரலியா?"

"உங்க அண்ணன் சொல்லித் தரேன்னார். அதுக்குள்ள நேரம் போயிடுச்சு."

வாயாடி ஏறினாள். கீழே அண்ணி இரண்டு கையாலும் ஏணியின் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்தாள். நாலாவது படியில் வாயாடி நின்று கீழே பார்த்தாள். ஏணி ஆடவில்லை. ஒருவர் நம்மைப் பிடித்திருக்கிறார் என்பது உள்ளங்காலில் தெரியும் என்று அவள் அன்றுதான் அறிந்தாள்.

"பெட்டி முழுசா மாட்டல அண்ணி. ஒரு கையால இதைத் தாங்கணும், இன்னொரு கையால ஒயரைப் பிடிக்கணும். ரெண்டு கையும் போயிடுச்சு. மூக்கு அரிச்சாக்கூட நீங்கதான் வரணும்."

"எண் இருக்கா?"

அவள் பெட்டியைத் தன் பக்கம் கவிழ்த்துப் பார்த்தாள். விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக இரண்டு இலக்கம் எழுதியிருந்தது. ஏறுவதற்கு முன்பு மேசையிலேயே எழுதி வைத்துக்கொள்வது அவர் பழக்கமாக இருந்திருக்க வேண்டும். குண்டு குண்டான, ஒழுங்கான கையெழுத்து.

"எண்பத்தொன்பது."

"எண்பத்தொன்பதா?"

"எட்டு, ஒன்பது. என் போன்ல கன்ட்ரோலர் திறந்திருக்கு. அந்த அலமாரியில வெச்சிருக்கேன், எடுத்து எண்பத்தொன்பதைத் தட்டுங்க. அது என்ன நிலைமையில இருக்குன்னு சொல்லும்."

ஏணி கொஞ்சமும் அசையவில்லை.

"அண்ணி, தட்டுங்க."

"முடியாது."

"ஏன்?"

"தட்டணும்னா உன்னை விடணும்."

வாயாடி தலையைக் குனிந்து அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அலமாரியில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை எட்டும் தூரம்தான். ஆனாலும் அவள் எடுக்கவில்லை.

"இறங்கி வா. மெதுவா."

தரைக்கு வந்ததும் வாயாடி போனில் தேடினாள். எண்பத்தொன்பது: பெயர், பழைய இதழ் அறை. ஏற்றுக்கொண்ட நேரம், அந்த நாள், 11.02. ஏணியின் போனிலிருந்து. நிலை, பச்சை.

"பச்சைங்குது. ஆனா இந்தப் பிசாசு ஆரஞ்சா முழிக்குதே?"

"நீ பார்த்ததை எழுதிக் காட்டு." அண்ணி நோட்டை நீட்டினாள். வாயாடி 89 என்று எழுதினாள். அண்ணி நோட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பினாள்.

68.

"வாசல்ல நிக்கற மருமக," என்றாள் வாயாடி, மெல்ல.

"அவரே எழுதின எண். மேசையில, தரையில வெச்சுப் பார்த்திருந்தா சரியாப் படிச்சிருப்பார். தலைகீழாத் தெரியறது ஏணி மேல நின்னு பெட்டியைக் கவிழ்க்கறப்ப மட்டும்தான். நீயும் அப்படித்தானே படிச்ச? அப்ப ரெண்டு கைக்கும் வேலை இருக்கு. ஆனா சரியா அந்த நேரத்துல யாரோ எண்பத்தொன்பதைத் தட்டி, பேரும் வெச்சிருக்காங்க."

"கீழ ஒருத்தர் இருந்திருக்கார்."

"கையில அவர் போனோட."

'ஏணியில கையில்லாம' என்பதை இருவரும் சொல்லவில்லை. வாயாடி தன் உள்ளங்காலை ஒருமுறை தரையில் அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு அண்ணி. பேர் பெட்டியோடதான் போகும், சுவரோட நிக்காது. எண்பத்தொன்பதாம் பெட்டியை எலெக்ட்ரீஷியன் எங்க கொண்டுபோய் மாட்டினாலும் மாமியார் நோட்டுல அது பழைய இதழ் அறைதான். அதுக்கப்புறம் அந்தப் போன் இந்த அறைக்கு ஒரு நாளும் வரவே இல்ல." சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். ஏனோ இல்லை. அறை சட்டென்று இன்னும் காலியானதுபோல் இருந்தது.

"அந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்க வழி இருக்கா?"

"இருக்கு. மாமியார் அதட்டினா மருமக கண்ணை வேகமா சிமிட்டுவா. ஆனா எந்த அறையில சிமிட்டறான்னு நாமதான் போய்ப் பார்க்கணும்."

மணி பத்து ஐம்பது. வாயாடி பொத்தானை அமுக்கினாள். இருவரும் கிளம்பினார்கள்.

மூன்றாம் மாடியில் எல்லா விளக்கும் பச்சையாக, அமைதியாக இருந்தது. இரண்டாம் மாடியில் சட்டப் புத்தகப் பிரிவு. அங்கேயும் பச்சை. இரண்டு பெண்கள் அண்ணாந்து பார்த்தபடி நடப்பதைக் கண்டு மேசையில் இருந்தவர்களும் அண்ணாந்தார்கள். ஒருவர் எழுந்து, "ஒழுகுதா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல சார், நீங்க படிங்க," என்றாள் வாயாடி. முதல் மாடி. தரைத்தளம். வாசிப்பு அறையைக் கடக்கும்போது அந்த மனைவி தெரிந்தாள். எதிரே ஒரு பத்திரிகையை விரித்து வைத்திருந்தாள். பார்வை அதில் இல்லை. கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கோ காத்திருக்கா," என்றாள் அண்ணி.

"பதினொண்ணு அஞ்சுக்கு."

நிலவறைக்குப் படி இறங்கினார்கள். பசை வாசனை முதலில் வந்தது. பைண்டிங் அறை. கதவருகே ஒரு வயதானவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "டீ நேரம்மா. பதினொண்ணேகால்வரை எங்க ஆள் யாரும் வேலை பார்க்க மாட்டோம். அவன் ஒருத்தன் மட்டும் டீக்கே வர்றதில்லை. கேளுங்க, உள்ளதான் இருக்கான்," என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

உள்ளே கூரையில் ஒரு பெட்டி பைத்தியம் பிடித்ததுபோல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

தைத்த தாள்கட்டுகளின் குவியலுக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கலாம். அவன் முகம் தெரிவதற்கு முன்பே வாயாடியின் கையில் இருந்த போனில் ஒரு புது வரி ஏறியது.

ஏணி. பழைய இதழ் அறை. வந்தது 11.05.

எல்லாம் தெரிந்த பிறகும், அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

அவன் திரும்பினான். அதே நெற்றி, அதே முகவாய். மேலே வாசிப்பு அறையில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம்.

"பேய் லீவு போட்ட வியாழன்," என்றாள் வாயாடி. நகைச்சுவையாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் அப்படி இல்லை. "அக்காவோட ஆஸ்பத்திரியில இருந்தீங்க."

அவன் எழுந்திருக்கவில்லை, போனை மறைக்கவும் இல்லை. இருபத்தேழு நாளாக யாராவது வருவார்கள் என்று காத்திருந்தவன்போல் இருந்தான். அவன் கையிலேயே போன் ஒருமுறை அதிர்ந்தது. அவன் அதைத் தாளின்மேல் வைத்து, அவர்கள் பக்கமாகத் தள்ளினான்.

வந்துட்டீங்களா? நான் இன்னைக்கு இங்கதான், கீழ வாசிப்பு அறையில இருக்கேன்.

அதற்கு மேலே நேற்றையது. அதற்கும் மேலே முந்தாநாள். மின்கட்டணம் கட்டியாயிற்று. பிள்ளைக்குப் பல் விழுந்துவிட்டது. உங்க நீலச் சட்டையை யாருக்கும் கொடுக்க மாட்டேன். திட்டியும் இருந்தாள், பல நாள். கடைசியில் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி. நீங்களா விட்டீங்களா?

அக்காவின் போனில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக, இரண்டு டிக் விழுந்திருக்கும். முதல் மூன்று நாள் ஒற்றை டிக்கோடு நின்றிருக்கும். நாலாம் நாள் இரண்டானதைப் பார்த்து அவள் என்ன ஆகியிருப்பாள் என்று வாயாடி நினைத்தாள். அண்ணியிடமும் தன்னிடமும் அதை மட்டும் அவள் சொல்லவில்லை. போனை யாரோ வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் போனில் இருக்கிறவர் போய்விடுவார்.

"சிம்மைக் கழட்டிட்டேன்," என்றான் அவன். "வெளியில இதுக்கு உயிர் இல்ல. இங்க இந்தப் பெட்டி மாட்டின அன்னைக்கு ஆன் பண்ணேன். தானா சேர்ந்துக்கிச்சு. அக்கா எழுதினது எல்லாம் மொத்தமா வந்து விழுந்துச்சு."

"அன்னைக்கு என்ன நடந்துச்சுப்பா?" என்றாள் அண்ணி.

"மாமாவுக்கு ஆள் குடுக்க மாட்டாங்க. டீ நேரத்துல நான்தான் போய்ப் பிடிப்பேன். அவர் மேல இருந்து எண் சொல்வார், நான் அவர் போன்ல தட்டுவேன். அன்னைக்கும் எண்பத்தொன்பதுன்னார். தட்டினேன், பேர் வெச்சேன். 'பச்சை ஆயிடுச்சாடா?'ன்னார். 'ஆயிடுச்சு மாமா'ன்னேன். போன்ல பச்சைன்னுதான் காட்டுச்சு. 'இங்க ஆகலியேடா'ன்னு எட்டிப் பார்த்தார். நான் நிமிரல. 'இல்ல மாமா, பச்சைதான், இதோ பாருங்க'ன்னு போனையே பார்த்துக்கிட்டு..."

அவன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் போனைப் பிடிப்பதுபோல் காட்டினான். அதற்கப்புறம் அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையில் வைத்தான்.

"ஆள் கூப்பிட ஓடினேன். எல்லாரோடயும் திரும்ப ஓடி வந்தேன். சாயந்திரம் பார்த்தா போன் என் பையில இருக்கு. மறுநாள் சொல்லிடலாம்னு இருந்தேன். மறுநாள் வீட்ல அக்கா என்னைக் கட்டிக்கிட்டு, 'நீ ஒருத்தன்தான்டா எனக்கு மிச்சம்'னு சொல்லிட்டா. அப்புறம் எப்படி மேடம் சொல்றது?"

போன் மறுபடி அதிர்ந்தது.

இன்னைக்காவது சொல்லுங்க.

"எழுந்திருப்பா," என்றாள் அண்ணி.

"நீங்களே சொல்லிடுங்க மேடம். அக்கா உங்களைத்தானே கண்டுபிடிக்கச் சொன்னா?"

"நான் சொன்னா அது துப்பு. அவ கேக்கறது பதில். பதிலைப் போன்லயும் எழுதாத. அவர் எழுதினதா ஆயிடும்."

படியேறும்போது அவன் நடுவில் போனான். அண்ணி முன்னால், வாயாடி பின்னால். அவன் முதுகு அவளுக்கு எதிரே இருந்தது. இவன்மேல் கோபப்பட வேண்டும் என்று அவள் தன்னிடமே சொல்லிப் பார்த்தாள். கோபம் வரவில்லை. ஒரு சொல்லை உரிய நாளில் சொல்லாமல் விட்டால் அது எவ்வளவு எடை கூடும் என்று அவளுக்கும் தெரியும். ஆறாம் படியில் அவன் தடுமாறினான். அவள் கை தானாகப் போய் அவன் முழங்கையைப் பிடித்தது.

வாசிப்பு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் பேசவில்லை. மனைவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த போனைப் பார்த்தாள். கீறல் விழுந்த அதன் மூலையைப் பார்த்தாள். அதற்குமேல் யாரும் அவளுக்கு எதையும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

"அக்கா," என்றான் அவன். அந்த அறைக்கு ஏற்ற குரலில், கிசுகிசுப்பாக. "மாமா விடல. நான்தான் பிடிக்கல."

பக்கத்து மேசையில் ஒருவர் தாளைத் திருப்பினார்.

"எல்லாத்தையும் நீயா படிச்ச?"

"ஆமாக்கா."

"திட்டினதையும்?"

"அதையும்."

அவள் தன் போனை எடுத்து, மேலிருந்து கீழாக அந்த இரண்டிரண்டு டிக்குகளை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். பிறகு அதை மேசையில் வைத்தாள், இந்த முறை கவிழ்க்காமல்.

"அப்போ அவர் ஒண்ணையும் படிக்கல," என்றாள்.

அண்ணியின் கை வந்து வாயாடியின் மணிக்கட்டைப் பற்றியது. துணைக்குப் பற்றினாளா, துணையாகப் பற்றினாளா என்று தெரியவில்லை.

"நிக்காதடா," என்றாள் அக்கா. "எல்லாரும் பார்க்கறாங்க. உக்காரு."

அவன் உட்கார்ந்த பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.